முகமூடிக் கள்வன்

கோழி வளர்ப்போர்க்குக் கவலை தரும் பொழுது இரவேயாகும். பகலில் பருந்தின் நிழல் தரையிற் பட்டவுடன் தாய்க்கோழி குரல் கொடுக்கும். குஞ்சுகள் ஓடிவந்து அதன் சிறகினுள் ஒடுங்கும். இருள் சூழ்ந்தபின் கோழிக்குக் கண் நன்கு தெரியாது. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவும் அஞ்சும். இவ்வேளை பார்த்தே நம் நாட்டில் மரநாயும் காட்டுப்பூனையும் கோழிக்கூட்டை நாடி வருகின்றன. வட அமெரிக்காவிலும் இவ்வாறு இரவில் வரும் விலங்கு ஒன்று உண்டு. அதனை ரக்கூன் என்பர். நாம் தமிழ் மரபுக்கேற்ப இரக்கூன் என்று வழங்குவோம். மற்றப் பகைவிலங்குகள் பல்லையும் நகத்தையும் நம்பி வருவன. இரக்கூனோ தன் கையையும் நம்பி வருவது. ஆகவே, அதனைத் தடுக்கும் வழியும் சிறிது வேறுபடுகின்றது.

இரக்கூனைக் கண்டவர் எளிதில் மறவார். சாம்பல் நிறமான அடர்ந்த மயிரும், கருவளையங்கள் சூழ்ந்த வாலும் உடையது அது. கண்களைச் சுற்றிக் கரிய பட்டை அமைந்திருப்பதால், முகமூடி அணிந்த திருடனைப் போலத் தோன்றும். வளர்ந்த விலங்கு பெரும்பாலும் 5 முதல் 12 கிலோகிராம் வரை எடையுள்ளது. மரம் ஏறுவதில் வல்லது; தலைகீழாக இறங்கவும் வல்லது; நீந்தவும் அறியும். பழம், கொட்டை, சோளக்கதிர், தவளை, நண்டு, முட்டை, பறவை ஆகிய யாவும் அதற்கு உணவே. காட்டில் மட்டும் வாழும் விலங்கு என்று இதனைக் கருதலாகாது. பெருநகரங்களிலும் வீட்டுப் பரண், புகைபோக்கி முதலிய இடங்களிற் குடிபுகுந்து குட்டி ஈன்று வாழ்கின்றது.

இரக்கூனின் சிறப்பெல்லாம் அதன் முன்னங்கால்களிலேயே உள்ளது. அவற்றைக் கைகள் என்றே கூறலாம். ஒவ்வொன்றிலும் மெலிந்து நீண்ட ஐந்து விரல்கள் உள்ளன. நம் கட்டைவிரலைப் போல எதிரே மடங்கும் விரல் அதற்கு இல்லை. எனினும், தொட்டு அறியும் ஆற்றல் மிக நுட்பமானது. சேற்று நீரினுள் கையை விட்டுத் துழாவி, கண்ணாற் காணாமலே இரையைக் கண்டு எடுத்துவிடும். இதனைக் கண்ட மக்கள், அது தன் உணவைக் கழுவி உண்பதாக எண்ணினர். அதன் பெயர்களே இதற்குச் சான்று. ரக்கூன் என்னும் சொல், வர்சீனியாப் பகுதியில் வாழ்ந்த பவ்காட்டன் பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்தது. கைகளால் தேய்ப்பது என்பது அதன் பொருள் என்பர். லின்னேயசு என்னும் அறிஞர் 1758-ஆம் ஆண்டில் இதற்குக் கழுவும் கரடி என்னும் பொருள்பட இலத்தீன் மொழியிற் பெயரிட்டார். செருமானியரும் சப்பானியரும் தத்தம் மொழிகளில் அதே பொருள் தரும் பெயரையே வழங்குகின்றனர். உண்மையில் அது கரடியும் அன்று. கழுவுவதும் அதன் நோக்கமன்று. ஆயினும், எல்லா மொழியினரும் அதன் கையையே முதலிற் கண்டனர் என்பது புலனாகின்றது.

இக்கையின் திறத்தை ஆராய்ந்தவர்களும் உளர். அமெரிக்க ஆய்வாளர் டேவிசு என்பவர், 1907-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், இரக்கூன்களுக்கு 13 வகைப் பூட்டமைப்புகளைக் கொடுத்துச் சோதித்ததை விளக்கியுள்ளார். கொக்கி, தாழ்ப்பாள், பொத்தான் எனப் பலவகையாக இருந்த அவற்றுள் 11 வகைகளை அவை திறந்துவிட்டன. தாழ்ப்பாளை இடம் மாற்றி வைத்தபோதும் அவை பெரிதும் திகைக்கவில்லை. இத்தகைய கைக்கு எதிரே ஒரு கொக்கியை மட்டும் மாட்டிவிட்டுக் கவலையின்றி உறங்கச் செல்பவன், விடியற்காலையில் வெறுங்கூட்டைக் காண்பதில் வியப்பில்லை.

எனவே, முதலிற் கவனிக்கத்தக்கது கதவு. ஒரே அசைவில் திறக்கும் கொண்டியும் தாழ்ப்பாளும் போதா. முதலில் ஒன்றை அழுத்தி, அவ்வாறு அழுத்தியபடியே மற்றொன்றை நகர்த்தினாலன்றித் திறவாத பூட்டே ஏற்றது. அல்லது, தாழ்ப்பாளின் நாதாங்கியில் வில் வைத்த கொக்கியையோ சிறு பூட்டையோ மாட்டுதல் வேண்டும். சிறு பிள்ளையொருவன் தானே திறக்கக்கூடிய கதவை இரக்கூனும் திறக்கும் என்பது அந்நாட்டார் அறிந்த அளவுகோலாகும்.

இரண்டாவது, வலை. கடைகளிற் கோழிவலை என்று விற்கப்படும் அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கம்பிவலையை வாங்கிக் கூட்டைச் சுற்றி அடிப்பவர் பலர். அது கோழியை உள்ளே நிறுத்தும். பகையை வெளியே நிறுத்தாது. இரக்கூன் அதன் கம்பியைக் கிழித்துவிடும். கிழிக்க இயலாவிடினும், அகன்ற கண்ணின் வழியே கையை நீட்டி, ஓரமாக உறங்கும் கோழியின் தலையையோ காலையோ பற்றி இழுக்கும். உடல் வெளியே வாராது. உயிர் மட்டும் போய்விடும். பூட்டு திறக்கப்படாமல், வலை அறுபடாமல், கோழி மட்டும் இறந்து கிடப்பதைக் கண்டு பலர் மயங்குவதற்குக் காரணம் இதுவே. ஆதலால், குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைக்கப்பட்ட, அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள தடித்த கம்பிவலையே வேண்டும். அதனைச் சிறு ஆணிகளால் அடிப்பதைக் காட்டிலும், திருகாணியும் தகட்டு வளையமும் கொண்டு சட்டத்தில் முடுக்குதல் நன்று.

மூன்றாவது, நிலமும் கூரையும். இரக்கூன் தோண்டவும் செய்யும், ஏறவும் செய்யும். வலையை மண்ணுக்குள் ஓரடி ஆழம் புதைத்தல் வேண்டும்; இல்லையேல், கூட்டின் அடியிலிருந்து வெளிப்புறமாக ஓரிரண்டு அடி நிலத்திற் பரப்பி, அதன்மேல் மண்ணிடல் வேண்டும். சுவரை ஒட்டித் தோண்டத் தொடங்கும் விலங்கு, வலையிற் கை பட்டவுடன் அம்முயற்சியைக் கைவிடும். மேற்புறம் திறந்த கூடு, கதவில்லாத வீட்டை ஒத்தது. ஆகவே கூரையும் மூடப்படல் வேண்டும். கூட்டின்மேல் தாழ்ந்து நிற்கும் மரக்கிளைகளை வெட்டிவிடுதல் நலம். சோளக்கொல்லை உடையவர்கள் நிலத்திலிருந்து 6 அங்குலம், 12 அங்குலம் ஆகிய உயரங்களில் இரு கம்பிகளை இழுத்து, அதற்கென அமைந்த கருவியால் மெல்லிய மின்னதிர்ச்சி பாய்ச்சுவர். அது விலங்கைக் கொல்லாது. அஞ்சி அகலச் செய்யும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் இணைத்தல் கொலைக்கு ஒப்பான செயலாகும். அதனை ஒருபோதும் செய்யலாகாது.

கூட்டை வலிமையாக்கியபின், விருந்தழைப்பதை நிறுத்துதல் வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் வைத்த உணவை இரவில் வாயிற்புறத்தே விட்டுவைப்பதும், குப்பைத் தொட்டியை மூடாதிருப்பதும், கோழித்தீவனத்தைச் சாக்கிலேயே வைத்திருப்பதும் இரக்கூனுக்கு நாமே விடுக்கும் அழைப்பாகும். தீவனம் இறுக மூடிய தகரப் பெட்டியில் இருத்தல் வேண்டும். முட்டைகளை அந்திக்கு முன்பே எடுத்துவிடல் வேண்டும். சிலர் விளக்கெரித்தும் வானொலியை ஒலிக்கவிட்டும் அதனை விரட்ட முயல்வர். சில இரவுகளில் இரக்கூன் அவற்றுக்குப் பழகிவிடும். முயலும் சீமைப்பெருச்சாளியும் வளர்ப்போர் அவற்றின் சிறு கூண்டையும் இரவில் கட்டடத்தினுள் வைத்தல் வேண்டும்.

இரக்கூன் நோயும் கொண்டுவரக்கூடும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வெறிநோயைப் பரப்பும் விலங்குகளுள் அதுவும் ஒன்று. ஆகவே, வீட்டு நாய்க்கும் பூனைக்கும் தடுப்பூசி இடுதல் இன்றியமையாதது. அதன் கழிவிலுள்ள ஒருவகை உருளைப்புழுவின் முட்டைகள் மனிதர் வயிற்றுக்குட் சென்றால், அரிதாயினும், மூளையையும் கண்ணையும் தாக்கும் கேடு விளையலாம். குட்டி அழகாக இருக்கின்றதென்று கையில் எடுப்பது அறிவுடைமையன்று.

அவ்வாறாயின், அதனைப் பிடித்துத் தொலைவிற் கொண்டுபோய் விட்டுவிடலாமே என்று சிலர் கேட்கலாம். இவ்வாறு செய்வதை அமெரிக்காவின் பல மாநிலங்களிற் சட்டம் தடுக்கின்றது. அதற்குக் காரணம் உண்டு. 1970-களில் வேட்டைப் பொழுதுபோக்குக்காகத் தென்கிழக்கு மாநிலங்களிலிருந்து இரக்கூன்கள் வடக்கே கொண்டுசெல்லப்பட்டன. அவற்றோடு வெறிநோயும் சென்று, நாளடைவில் கிழக்குக் கரையெங்கும் பரவியது என ஆய்வாளர் கருதுவர். நோயைக் கட்டுப்படுத்தத் தடுப்பு மருந்து பொதிந்த இரைகளை வானூர்திகளிலிருந்து காடுகளில் தூவ வேண்டியதாயிற்று. செருமனியில் 1934-ஆம் ஆண்டு ஏடர் ஏரிக்கருகே விடப்பட்ட சில இரக்கூன்கள் பெருகிப் பரவின. இன்று அந்நாட்டில் அவை எண்ணிறந்தன. மேலும், இளவேனிற் காலத்தில் பிடிபடுவது தாய் விலங்காயின், அதன் குட்டிகள் எங்கோ ஒரு பரணிற் பசித்துச் சாகும். ஒன்றை அகற்றினும், கூடு திறந்தே இருக்குமாயின் வேறொன்று அவ்விடத்துக்கு வரும். எனவே, கள்வனை இடம் மாற்றுவதினும் கதவைத் திருத்துவதே முறை.

இதனை நாம் நிதானமாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரக்கூன் தன் பசிக்கு இரை தேடுகின்றது. அது அதன் இயல்பு. திறந்த கதவுக்கு அது பொறுப்பாகாது. மரக்கிளையில் உறங்கும் காட்டுக்கோழி பகை கண்டால் பறந்து தப்பும். காட்டுமுயல் வளைக்குள் ஓடி ஒளியும். நாமோ நம் முட்டைக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் அவற்றின் இனத்தைக் கூட்டில் அடைத்தோம். அடைத்தபொழுதே, பறந்து தப்பும் வழியையும் ஓடி ஒளியும் வழியையும் அவற்றினிடமிருந்து எடுத்துக்கொண்டோம். அவ்வழிக்கு ஈடாக நாம் கொடுக்கக்கூடியது காவல் ஒன்றே. அக்காவல், அந்திப்பொழுதில் கூட்டருகே சென்று, கோழிகளை ஒருமுறை எண்ணி, தாழிட்டு, தாழை ஒருமுறை இழுத்துப் பார்க்கும் சிறு செயலில் அடங்கியுள்ளது. அதற்குச் சில நிமிடங்கள் போதும். ஆயின், அதனை ஒருநாளும் மறத்தலாகாது. நாம் மறந்த நாளையே இரக்கூன் எதிர்நோக்கியிருக்கின்றது.