வாத்துகளின் மூச்சுத் திணறலும் ஒட்டுண்ணிகளும்

விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில் அமைந்த ஆமத்தூரும் அதனைச் சூழ்ந்த கிராமங்களும் மழையை நம்பி வாழும் வறண்ட நிலப்பகுதியைச் சேர்ந்தவை. காவிரிப் பாசன வயல்களில் அறுவடைக்குப்பின் ஆயிரக்கணக்கில் மேய்க்கப்படும் வாத்து மந்தைகளுக்கு இங்கு இடமில்லை. ஆயினும் முட்டைக்காகவும் குழந்தைகளின் விருப்பத்துக்காகவும் கண்மாய்க்கு அருகிலுள்ள வீட்டிலோ தறி வீட்டின் பின்கட்டிலோ நான்கைந்து வாத்துகளை வளர்ப்பது இயலாத காரியமன்று. அவ்வாறு வளர்க்கும் அங்கத்தினர்களுக்காகவே இதனை எழுதுகிறோம். பெருமந்தையில் ஒன்று இறந்தால் அது கணக்கில் ஒன்று. வீட்டிலுள்ள நான்கில் ஒன்று இறந்தால் முட்டையில் காற்பங்கு போய்விடுவதோடு, குழந்தைகளுக்குப் பதில் சொல்லவும் வேண்டியிருக்கும்.

வாத்து வாயைத் திறந்து இரைக்கத் தொடங்கியதும் "சளி பிடித்துவிட்டது" என்று முடிவு கட்டி, கையில் கிடைத்த மருந்தைப் புகட்டுவது வழக்கமாக இருக்கிறது. மூச்சுத் திணறல் என்பது ஒரு வியாதியின் பெயரன்று. பல வியாதிகளுக்குப் பொதுவான அறிகுறி. பூஞ்சணத்தால் வந்த திணறலுக்குப் புழு மருந்து பயன்படாது. புழுவால் வந்த திணறலுக்குக் கிருமிக்கொல்லி மருந்து பயன்படாது. ஆகவே முதலில் செய்ய வேண்டியது பார்ப்பது. மருந்து அதற்குப் பின்புதான்.

நோயல்லாதவற்றை முதலில் விலக்கிவிடலாம். வாத்துக்கு வியர்வை இல்லை. சித்திரை, வைகாசி நண்பகலில் அது வாயைத் திறந்து இரைப்பது உடல் வெப்பத்தை வெளியேற்றுவதற்காகவே. நிழலும் குளிர்ந்த நீரும் தந்தபின் இரைப்பு அடங்கிவிடுமானால் கவலைக்கு இடமில்லை. ஆண் வாத்தின் கரகரத்த குரலும் நோயன்று. உரக்கக் கத்துவது பெண் வாத்தே. வாலில் மேல்நோக்கிச் சுருண்ட இறகு இருந்தால் அது ஆண் என்று அறியலாம். தொட்டுப் பார்த்துச் "சுடுகிறது, காய்ச்சல்" என்று சொல்வதும் தவறு. வாத்தின் இயல்பான உடல் வெப்பமே ஏறக்குறைய 106, 107 டிகிரி பாரன்ஹீட் ஆகும்.

பார்ப்பதற்கு ஏற்ற வேளை விடியற்காலை. கூண்டைத் திறப்பதற்குமுன் சற்றுத் தள்ளி நின்று கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுகிறதா? கழுத்தை நீட்டி வாயைப் பிளக்கிறதா? தலையை உதறித் தும்முகிறதா? கரகரவென்ற ஓசை உண்டா, அன்றி ஓசையில்லாத திணறலா? அதன்பின்னரே பிடிக்க வேண்டும். பறவைகளுக்கு நம்மைப்போல் வயிற்றுக்கும் மார்புக்கும் இடையே மூச்சை இயக்கும் தசைத்திரை இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைவதாலேயே காற்று உள்ளே செல்கிறது. நுரையீரலைத் தவிர உடலெங்கும் காற்றுப்பைகளும் உள்ளன. எனவே நெஞ்சை இறுகப் பிடித்தால், ஏற்கெனவே திணறும் வாத்து கையிலேயே இறந்துபோகக் கூடும். சிறகுகளை மடக்கி, பக்கவாட்டில் அணைத்து, நெஞ்சைத் தளர்வாக விட்டுப் பிடிக்க வேண்டும்.

பிடித்த பின்பு நாசித்துளைகள் அடைபட்டுள்ளனவா, கண்களில் பீளை உண்டா, கண்ணுக்குக் கீழே வீக்கம் உண்டா என்று பார்க்கவும். வாயைத் திறந்து விளக்கொளியில் உள்ளே நோக்கவும். நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்கவும். அது கத்தி விளிம்புபோல் கூர்மையாகத் தட்டுப்பட்டால், உடல் பல நாட்களாக மெலிந்து வந்திருக்கிறது என்பது பொருள். இறக்கையின் அடியிலும் எச்சத் துவாரத்தைச் சுற்றியும் இறகை விலக்கிப் பார்க்கவும்.

இனிக் காரணங்களுக்கு வருவோம். நமது பகுதியில் முதலாவதாக ஐயுற வேண்டியது பூஞ்சணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த வைக்கோல், ஈரம் காயாத நிலக்கடலைத் தொலி, கட்டி பிடித்த மக்காச்சோளம் ஆகியவற்றில் பூஞ்சணம் படரும். அதன் நுண்ணிய வித்துகள் மூச்சோடு சென்று நுரையீரலிலும் காற்றுப்பைகளிலும் முளைத்து மஞ்சள் நிற முடிச்சுகளை உண்டாக்கும். குஞ்சுகளே பெரும்பாலும் பலியாகும். வாயைப் பிளந்து திணறும். ஆனால் கரகரப்பு ஓசை பெரும்பாலும் இராது. கிருமிக்கொல்லி மருந்துகள் பூஞ்சணத்தை அழிப்பதில்லை. முற்றிய நிலையில் எந்த மருந்தும் பலன் தருவது அரிது. கூளத்தை முழுதும் அகற்றி, கூண்டைக் கழுவி, வெயிலில் காயவைத்து, உலர்ந்த புதுக் கூளம் இட்டு, எஞ்சியவற்றைக் காப்பதே வழி.

அதே இனப் பூஞ்சணம் தீவனத்தின் வழியாகவும் கொல்லும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் விஷமே காரணம் என்பது பின்னர் புலப்பட்டது. அவ்விஷத்துக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். வாத்துக் குஞ்சு இதனைத் தாங்கும் சக்தி மிகக் குறைந்தது. தீவனத்தில் இந்த விஷம் உண்டா என்று சோதிப்பதற்கே விஞ்ஞானிகள் வாத்துக் குஞ்சுகளைப் பயன்படுத்தினர். கடலை பயிரிடும் நம்மவர், சந்தைக்குத் தகாது என்று ஒதுக்கிய சொத்தைக் கடலையை வாத்துக்கு வீசுவது மிகத் தவறான சிக்கனம். வேகவைத்தாலும் வெயிலில் போட்டாலும் அவ்விஷம் நீங்கிவிடாது. அதனை எருக்குழிக்கு அனுப்புவதே நலம்.

இரண்டாவது காரணம், கூண்டின் காற்று. வாத்தின் எச்சத்தில் பெரும்பகுதி நீரே. ஈரக் கூளத்திலிருந்து எழும் அமோனியா வாயு மூச்சுக்குழலின் உட்புறத்தை அரித்துக் கிருமிகளுக்கு வழி திறந்துவிடும். இதனை அறியக் கருவி எதுவும் வேண்டாம். கூண்டில் வாத்தின் உயரத்துக்குக் குனிந்து சற்று நேரம் இருந்து பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் வாத்தின் நிலை சொல்லாமலே விளங்கும். ஒரு வாத்துக்கு 3 முதல் 4 சதுர அடி இடமும், மேற்புறம் காற்றோட்டமும் இருக்க வேண்டும். குடிநீர்ப் பாத்திரம் 5 அல்லது 6 அங்குல ஆழம் உள்ளதாக இருத்தல் அவசியம். அலகு முழுவதையும் நீரில் ஆழ்த்தி நாசியையும் கண்ணையும் கழுவ இயலாத வாத்துக்கு நாசியடைப்பும் கண் பீளையும் தாமே வரும். தறி வீட்டு அங்கத்தினருக்கு ஒரு வார்த்தை: கழிவு நூலைக் கூளமாக இடாதீர்கள். அது காலிலும் நாவின் அடியிலும் சுற்றி இறுக்கும். மயில்துத்தம் கலந்த பாவுக் கஞ்சியும் சாயத் தண்ணீரும் வாத்துக்கு எட்டாதிருக்க வேண்டும். பட்டாசுத் தொழிலிலிருந்து திரும்புவோர் மருந்துத் தூள் படிந்த உடையைக் கூண்டின் அருகே உதறுவதும் ஆகாது.

கிருமிகளால் வரும் நோய்கள் மூன்றாவது வகை. ஒரு வாரம் முதல் எட்டு வாரம் வரையுள்ள குஞ்சுகள் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து, தும்மி, பச்சையாகக் கழிந்து, தலை நடுங்கி மல்லாந்து காலை உதைத்தால், ரீமெரெல்லா என்னும் கிருமியை ஐயுற வேண்டும். வாயில் சளி ஒழுகத் திடீரென்று இறப்பது வாத்துக் காலராவாக இருக்கலாம். இவ்விரண்டுக்கும் காலத்தில் கொடுத்தால் மருந்து உண்டு. எந்த மருந்து என்பதைக் கால்நடை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். வெளிச்சத்துக்குக் கூசி, இமைகள் ஒட்டி, இறக்கை தொங்கி, நீர்போல் கழியுமானால் அது வாத்துக் கொள்ளைநோயாக இருக்கக்கூடும். அதற்கு மருந்தில்லை, வருமுன் போடும் தடுப்பூசியே உண்டு.

பலவும் ஒரே நாளில் இறந்தால், அறுக்கவோ, விற்கவோ, வெறுங்கையால் தொடவோ கூடாது. பறவைக் காய்ச்சல் வாத்தின் உடலில் அறிகுறியின்றியும் தங்கும். 2014ஆம் ஆண்டு நவம்பரில் கேரளத்து ஆலப்புழைப் பகுதியில் அது வாத்துகளையே தாக்கிற்று. கால்நடை மருந்தகத்துக்கு உடனே தெரிவிப்பது வீட்டிலுள்ள குழந்தைகளின் பாதுகாப்புக்கும் ஆகும்.

இனி ஒட்டுண்ணிகள். வாத்து நத்தையை விரும்பித் தின்னும். சில தட்டைப்புழுக்களின் இளம் பருவம் நத்தையின் உடலில் கழிகிறது. நத்தையோடு உள்ளே சென்ற புழு வாத்தின் மூச்சுக்குழலில் குடியேறி வளர்ந்து, கரகரப்பையும் திணறலையும் உண்டாக்கும். வேறொரு வகை உருண்டைப்புழு மூச்சுக்குழலில் ஒட்டி இரத்தத்தை உறிஞ்சும்; அப்போது வாத்து கழுத்தை நீட்டிக் கொட்டாவி விடுவதுபோல் வாயைப் பிளக்கும். கண்மாய்க்குச் செல்லும் வாத்து விடாமல் தலையை உதறித் தும்மினால் நாசிக்குள் அட்டை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. வெளியே தெரியும் அட்டையைச் சிறு இடுக்கியால் மெல்ல எடுக்கலாம். உள்ளே இருப்பதைக் குடையலாகாது.

குடற்புழுவின் அடையாளம் வேறு. தீனி தின்றும் உடல் தேறாது, முட்டை குறையும். புழுவின் வகையைக் கண்ணால் சொல்ல இயலாது. அன்று காலை இட்ட எச்சத்தைச் சுத்தமான சிறு புட்டியில் இட்டு, மருந்தகத்துக்கு எடுத்துச் சென்றால், நுண்ணோக்கியில் முட்டைகளைக் கண்டு வகை சொல்வார்கள். இது ஏன் முக்கியமெனில், பைப்பரசின் மருந்து உருண்டைப்புழுவை மட்டுமே வெளியேற்றும்; நாடாப்புழுவுக்கும் தட்டைப்புழுவுக்கும் வேறு மருந்து வேண்டும். ஆட்டுக்கு வாங்கி மிஞ்சிய மருந்தை உத்தேசமாக ஊற்றுவதும் வேண்டாம். இரண்டு கிலோ எடையுள்ள பறவைக்கு அளவு பிசகுவது எளிது. வாத்தை ஒரு பையிலிட்டுத் தராசில் நிறுத்து, அந்த எடையை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

புகட்டும் முறையிலும் அபாயம் உண்டு. வாத்தின் மூச்சுத்துளை நாவின் அடிப்பகுதியிலேயே திறந்திருக்கிறது. கஷாயத்தையோ எண்ணெயையோ வாயில் ஊற்றினால் அது நேரே நுரையீரலுக்குப் போகும். மிளகு, மஞ்சள், துளசி முதலியவற்றில் நம்பிக்கை உள்ளோர் அவற்றை அரைத்துச் சிறு உருண்டையாக்கித் தரலாம். அதனால் கெடுதல் இராது, மருத்துவருக்கு ஈடாகவும் ஆகாது. திணறும் வாத்துக்குச் சாம்பிராணிப் புகை போடுவதோ கெடுதலேயாகும்.

வெளி ஒட்டுண்ணிகளில் பேன் பறவையின் மேலேயே வாழ்வது. நன்றாகக் குளித்து இறகைக் கோதும் வாத்தில் அது பெருகுவதில்லை. பெருகியிருந்தால் அந்த வாத்துக்கு வேறு நோவு உண்டா என்று பார்க்க வேண்டும். செள்ளும் உண்ணியும் வேறு விதமானவை. அவற்றுள் சில பகலில் மரச்சந்திலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும். பகலில் வாத்தை எவ்வளவு தேடினும் அகப்படா. இரவில் விளக்குடன் சென்று பார்த்தால் தெரியும். மருந்து வேண்டுவது வாத்துக்கு மட்டுமன்று, கூண்டுக்கும் வேண்டும். வெடிப்புகளை அடைத்துச் சுண்ணாம்பு பூசுக. சுடரால் வெடிப்புகளைப் பொசுக்கும் முறை சில நூல்களில் உண்டு. தீப்பெட்டிக் குச்சியோ பட்டாசு மருந்தோ உள்ள நமது வீடுகளில் அதனை எண்ணவும் வேண்டாம். பருத்திக்கு வாங்கிய பூச்சிமருந்தை வாத்தின் மேல் பூசுவோர், பேனோடு வாத்தையும் இழப்பார்கள். வாத்து இறகைக் கோதும்போது அவ்விஷம் வாய்க்குள் சென்றுவிடும்.

பேன் மருந்து ஈருக்குள் செல்வதில்லை. ஆகவே 10 முதல் 14 நாளில் மறுமுறை போட வேண்டும். மருந்து எதுவாயினும், எத்தனை நாள் முட்டையை உண்ணாமல் ஒதுக்க வேண்டும் என்று கேட்டு வாருங்கள். இறந்த வாத்தைக் கண்மாயில் எறியாதீர்கள். தனியொரு வாத்து காரணம் தெரியாமல் இறந்திருந்தால், அதனை உறையிலிட்டுப் பனிக்கட்டியில் வைத்து அன்றே மருந்தகத்தில் சேர்த்தால், அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்வார்கள். ராஜபாளையத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையமும் உள்ளது. ஆய்வுக்கு அனுப்பாததைச் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்கவும். நோயுற்றதைத் தனியே பிரித்து, கடைசியாக அதற்குத் தீனி வைத்து, கையைச் சோப்பால் கழுவவும். மறுமுறை மருந்து போட வேண்டிய தேதியைக் கூண்டின் கதவில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்துக்கொள்ளவும்.