உங்களுக்குத் தெரியுமா? அடுப்படி மந்திரங்கள்

சுற்றிப் போடும் காய்ந்த மிளகாய் நம் அடுப்படிக்கு வந்து ஏறக்குறைய ஐந்நூறு வருஷம்தான் ஆகிறது. அமெரிக்கக் கண்டத்துச் சரக்கைப் போர்த்துக்கீசியர் கப்பலில் கொண்டுவந்தார்கள். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கியதே 1498-இல்தான். மிளகு மாதிரி உறைக்கிற காய், அதனால் மிளகாய். ஆதிகாலத்து வழக்கம் என்று சத்தியம் செய்யும் எங்கள் பினாங்குச் சுங்கை பாக்காப் பாட்டி ஒருவரிடம் இதைச் சொன்னேன். “அப்ப அதுக்கு முன்னாடி யாருக்கும் கண்ணே படலையாய்யா?” என்று கேட்டார்.

பட்டிருக்கிறது, பாட்டி. அதற்குக் கடுகு இருந்தது. புறநானூற்றின் 281-ஆம் பாட்டில் போரில் புண்பட்டுக் கிடப்பவனைக் காக்க வீட்டில் வேப்பிலை செருகுகிறார்கள், ஐயவி தூவுகிறார்கள், வாசனைப் புகை போடுகிறார்கள். ஐயவி என்பது வெண்கடுகு. பாடியவர் அரிசில்கிழார். மிளகாய், கல்லுப்போடு ஒரு சிட்டிகை கடுகும் சேர்த்துச் சுற்றுகிறீர்களா? அந்தப் பிடியில் மூத்தது கடுகு.

‘நெடி வரலைன்னா கண்ணு இருந்திருக்கு’ என்பது நம் வீட்டுக் கணக்கு. மிளகாய் மெதுவாகக் கருகினால் அதன் காரச்சத்தான கேப்சைசின் காற்றில் கிளம்பித் தொண்டையைப் பிடிக்கும். கொழுந்துவிட்டு எரியும் விறகில் போட்டால் அந்தச் சத்தே எரிந்துபோகும். மிச்சம் இருப்பதும் கொல்லைக் காற்றோடு போய்விடும். அதனால்தான் தோட்டத்து லயத்தில் விறகடுப்பு வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கண் பட்டிருந்தது. இப்போது பிளாட் வீட்டில், கேஸ் அடுப்பின்மேல் வாணலியை வைத்து வறுக்கிறோம். யாருக்கும் கண் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் இருமல்.

அதே நெருப்பில் கல்லுப்பு படபடவென்று வெடிப்பது பொறாமை வெடிக்கிற சத்தம் அல்ல. உப்புக் கல்லுக்குள் சிறைப்பட்ட துளித் தண்ணீர் ஆவியாகி உடைத்துக்கொண்டு வருகிறது. தூள் உப்பில் அந்த வேடிக்கை இல்லாததால் சுற்றிப் போட யாரும் தூள் உப்பை எடுப்பதில்லை.

விருந்து வீட்டிலிருந்து கறியை எடுத்துக்கொண்டு பொழுது சாய்ந்தபின் கித்தாக்காட்டு வழியாக நடந்தால், அடுக்குச் சட்டியின் மேல் ஒரு கரித்துண்டு இருக்க வேண்டும். கறிக்குக் கரி காவல், இல்லாவிட்டால் பேய் பின்னாலேயே வரும். இப்போது கித்தா போய்ச் செம்பனை வந்துவிட்டது, அடுப்பில் கரியும் கிடையாது. பேய்க்கு வசதிதான், ஆனால் நாம் வேப்பங்கொத்துக்கு மாறிவிட்டோம்.

மலாய்க்காரர் வீட்டில் பெண்பிள்ளை அடுப்படியில் பாட்டுப் பாடினால் கிழவனுக்கு வாழ்க்கைப்படுவாள் என்பார்கள். நம் வீட்டில் தேங்காய் துருவும்போது அள்ளித் தின்றால் கல்யாணத்தன்று மழை. மழைக்கும் மலாய்க்காரரிடம் பரிகாரம் உண்டு: ஈர்க்குச்சியில் மிளகாயும் வெங்காயமும் குத்தித் தரையில் நட்டுவைத்தால் விருந்து முடியும்வரை வானம் பொறுத்துக்கொள்ளுமாம். தேங்காய் தின்ற பிள்ளைகளைப் பெற்றவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

சீனர் வீட்டு அடுப்படிச் சாமி வருஷத்துக்கு ஒருமுறை மேலோகம் போய் அந்த வீட்டு வண்டவாளத்தை ஒப்பிக்கிறவர். சீன மாதக் கணக்கில் பன்னிரண்டாம் மாதம் 24-ஆம் நாள் வழியனுப்புகிறார்கள். கிளம்புமுன் ஒட்டும் பலகாரம் படைப்பார்கள். மலாயில் அதற்குக் ‘கூய் பாக்குல்’ என்று பெயர். வாய் ஒட்டிக்கொண்டால் என்னத்தைச் சொல்ல முடியும்? சாமிக்கே கையூட்டு கொடுக்கும் இந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்தது.

பினாங்கு என்றால் தீவு மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு: பாட்டியின் ஊரான சுங்கை பாக்காப், பெருநிலத்தில், தெற்கு செபராங் பிறையில் இருக்கிறது. ஊரை உருவாக்கியவர் கீ லாய் ஹுவாட் என்ற தியோச்சியூ தவுக்கே. பணம் வந்தது கரும்பில். கித்தாவுக்கு முன்னால், 19-ஆம் நூற்றாண்டில், இந்த வட்டாரக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் நம்மவர் ஏராளம்.

இன்று அந்தக் கரும்பு இங்கே சாமி காரியத்துக்குத்தான் முழு நீளத்தில் வருகிறது. பொங்கலுக்கு நாம் பானைக்கு இருபுறமும் நிறுத்துகிறோம். ஹொக்கியென் சீனர்கள் சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் படையல் மேசையின் இரு பக்கமும் கட்டுகிறார்கள். எதிரிகளுக்குப் பயந்து முன்னோர் கரும்புக்காட்டில் ஒளிந்து பிழைத்தார்கள் என்பது அவர்கள் கதை. அவர்கள் பேச்சில் கரும்பு ‘கம்ச்சியா’. நன்றியும் கிட்டத்தட்ட அதே ஓசைதான்.

பால் பொங்கினால்தான் புதுவீட்டுக்கு நல்லது. கேஸ் அடுப்பில் பொங்கினால் அடுப்பு அணையும், கேஸ் கசியும். பால் காய்ச்சுகிறவருக்குப் பக்கத்தில் குமிழைத் திருக ஓர் ஆள் நிற்கட்டும்.

டுரியான் தின்ற கையில் வாடை போகவில்லையா? அதன் ஓட்டுக்குள் தண்ணீர் ஊற்றி அதிலேயே கழுவுங்கள். மூன்று இனமும் ஒத்துக்கொண்ட ஒரே மந்திரம் இதுதான்.

ஆலம் கரைக்கும்போது மஞ்சள் தண்ணீர் சுண்ணாம்பு பட்டதும் இரத்தச் சிவப்பாகிறதே, அது குர்குமின் செய்யும் வேலை. 1815-இலேயே அந்தச் சாயத்தைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். சுண்ணாம்பு மாதிரிக் காரம் பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் பழையபடி மஞ்சளாகும். சந்தேகமிருந்தால் சுற்றி முடித்த தட்டுத் தண்ணீரை வாசலில் ஊற்றுமுன் கொஞ்சம் கிண்ணத்தில் எடுத்து, இரண்டு லீமாவ் கஸ்தூரியைப் பிழிந்து பாருங்கள். அம்மா பார்க்காத நேரமாக இருக்கட்டும்.