தலை வடிவும் தந்தையர் கடனும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடிகளில் வாழும் எம் பழைய மாணவர் பலர், தம் குழந்தையின் பின்தலை ஒருபுறம் தட்டையாகின்றதே எனக் கவலுகின்றனர். அவர்பொருட்டு இதனை எழுதுகின்றோம்.

பிறந்த குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் மென்மையானவை. ஒரே பக்கம் சாய்ந்து கிடப்பின் அப்பக்கம் தட்டையாகும். இது மூளையை ஊறுபடுத்துவதன்று. பெரும்பாலும் சிறிது சிறிதாகத் திருந்துவது.

குழந்தையைக் குப்புற உறங்கவைத்தல் ஆகாதென 1992இல் அமெரிக்க மருத்துவர் அறிவுறுத்தினர். அதன்பின் அந்நாட்டில் உறக்கத்தில் நேரும் திடீர் மரணம் பாதியாகக் குறைந்தது. பின்தலை தட்டையாதலோ பெருகியது. ஆயினும் அதற்கஞ்சிக் குப்புற உறங்கவைத்தல் தகாது. வடிவினும் உயிர் பெரிதன்றோ?

செய்யத்தக்கன சில. விழித்திருக்கும்போது அருகிருந்து குப்புறக் கிடத்துக. குழந்தை ஒளியையும் ஓசையையும் நோக்கித் திரும்புமாதலின், தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றி மாற்றிக் கிடத்துக. விழித்தபோது தூக்கி வைத்திருக்க. நீராட்டுகையில் தலையை அழுத்தி உருவாக்கும் பழக்கத்தை விடுக.

கழுத்து ஒருபுறமே திரும்பின் தசையிறுக்கம் இருக்கலாம். அதற்குப் பயிற்சி உண்டு. அரிதாக எலும்புப் பொருத்துகள் முன்னரே மூடிக்கொள்ளும். அதற்கு அறுவைச் சிகிச்சை வேண்டும். இவற்றைப் பிரித்தறிவோர் மருத்துவரே. ஆதலின் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ காலந்தாழ்த்தாது காட்டுக.

ஐந்தில் வளைதல் என்னும் பழமொழிக்கு ஈண்டு ஐந்து மாதம் என்றே பொருள்கொள்க.