மலையேறும் வண்டி ஏன் திணறுகிறது?

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலையேறி வெள்ளிமலையை அடையும் சாலையை நம் கல்லூரி மாணவர் பலர் அறிவர். விடுமுறை நாளில் மேகம், பெரியார் நீர்வீழ்ச்சிகளைக் காண ஏறி வருவோர் சிலர். மலையிலேயே பிறந்து, படிப்புக்காக ஏறி இறங்குவோர் சிலர். நான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். எங்கள் ஊர்ப்பக்கம் மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருளன்று. மரவள்ளிக் கிழங்கு மூட்டையும் ரேஷன் அரிசியும் அதில்தான் வரவேண்டும். காய்ச்சலில் துவண்ட பிள்ளையும், தேர்வெழுதப் போகும் மாணவனும் பேருந்து தவறிவிட்டால் அதைத்தான் நம்பவேண்டும். ஆகவே கொண்டை ஊசி வளைவில் வண்டி திணறி நின்றால், நிற்பது வண்டி மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் அன்றைய வேலையும் நின்றுபோகிறது.

வண்டி திணறியதும் நம்மவர் உடனே கூறும் காரணங்கள் இரண்டு. "மலையிலே காத்து மெலிசு, அதான் இழுக்கலை" என்பது ஒன்று. "பெட்ரோலிலே ஸ்பிரிட்டைக் கலக்கறாங்க, எஞ்சின் கெட்டுப்போச்சு" என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மை எவ்வளவு பெரியது? அளந்து பாராமல் பழி சுமத்துவது அறிவியல் பயில்வோர்க்கு அழகன்று. எனவே இவ்விரண்டையும் முதலில் அளந்துவிட்டு, பிறகு உண்மையான குற்றவாளியைத் தேடுவோம்.

எஞ்சின் கேட்பவை

பெட்ரோல் எஞ்சின் நம்மிடம் கேட்பவை நான்கு: காற்று, அதற்கு ஏற்ற அளவில் எரிபொருள், உரிய நொடியில் ஒரு தீப்பொறி, கசிவில்லாத அழுத்தம். கலப்பில்லாத பெட்ரோல் 1 கிராம் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்த கலவையைப் பட்டறையில் 'ரிச்' என்பார்கள்; காற்று மிகுந்ததை 'லீன்' என்பார்கள். ரிச்சானால் கரும்புகை, பிளக்கில் கரி, பெட்ரோல் விரயம். லீனானால் தொடக்கத்தில் அடம், வெட்டி வெட்டி ஓடுதல், மிகுந்த சூடு. இந்த இரண்டு சொற்களை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எளிது.

உயரத்தின் பங்கு

கல்வராயன் மலைப்பகுதியின் பெரும்பாலான ஊர்கள் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கின்றன. கணக்குக்கு வசதியாக 800 மீட்டர் என்று கொள்வோம். அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு குறைவு. எஞ்சினின் ஆற்றலும் ஏறக்குறைய அதே அளவு குறையும். நூறு கிலோ இழுத்த வண்டி தொண்ணூற்று மூன்று கிலோ இழுக்கும் என்பது போல. இது உணரத்தக்க குறைவுதான். ஆனால் வண்டியை நிறுத்திவிடக் கூடிய குறைவன்று.

கலவை என்னவாகும்? கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைய, ஜெட் வழியாகப் பெட்ரோல் மேலே உறிஞ்சப்படுகிறது. காற்றின் எடை அடர்த்திக்கு நேர் விகிதத்தில் குறைகிறது. உறிஞ்சப்படும் பெட்ரோலோ அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறைகிறது. ஆகவே காற்று 7 பங்கு குறையும்போது பெட்ரோல் மூன்றரைப் பங்குதான் குறையும். விளைவு, கலவை ஏறத்தாழ 4 விழுக்காடு ரிச் ஆகிறது.

எத்தனாலின் பங்கு

பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டம் நம் நாட்டில் 2003-இல் 5 விழுக்காட்டளவில் தொடங்கியது. 2022 ஜூனில் அது 10 விழுக்காட்டை எட்டியது. 20 விழுக்காடு கலந்த இ-20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025-இல் நாடெங்கும் பரவியது. எத்தனால் நமக்கு அந்நியப் பொருளன்று. கரும்பாலையில் சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் பாகிலிருந்தும், மக்காச்சோளம் முதலிய தானியங்களிலிருந்தும் அதை வடிக்கிறார்கள். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளைக் கொண்ட நம் மாவட்டத்தார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் குறைந்த காற்றே போதும். ஒரு கிராமுக்கு 9 கிராம். ஆகவே இ-10 பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.1 கிராமும், இ-20 பெட்ரோலுக்கு 13.5 கிராமும் காற்று தேவை. ஜெட்டின் துளை மாறாத பழைய கார்புரேட்டரில் இ-10-லிருந்து இ-20-க்கு மாறினால் கலவை ஏறத்தாழ 4 விழுக்காடு லீன் ஆகும்.

இப்போது இரு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உயரம் கலவையை 4 விழுக்காடு ரிச் ஆக்குகிறது. எத்தனால் 4 விழுக்காடு லீன் ஆக்குகிறது. வெள்ளிமலையில் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுசெய்துவிடுகின்றன! டீக்கடையில் நாம் குற்றஞ்சாட்டிய இருவரும் ஒருவர் கணக்கை மற்றவர் தீர்த்துவிட்டு வெளியேறிவிட்டார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் வெளியான வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் இருக்கிறது. அவை காற்றழுத்தத்தை உணர்ந்து பெட்ரோலைத் தாமே திருத்திக்கொள்வதால் அவற்றுக்கு இக்கவலை இன்னும் குறைவு.

எத்தனாலுக்கு வேறு குறைகள் இல்லாமலில்லை. லிட்டருக்கு லிட்டர் அதன் வெப்ப ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். இ-20-க்கென வடிவமைக்கப்படாத இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 விழுக்காடு குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை கூறியது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் சீக்கிரம் தளரலாம். அவற்றைப் பார்த்து மாற்ற வேண்டும். ஆனால் நேற்று நன்றாக ஏறிய வண்டி இன்று வெட்டி வெட்டி ஓடுவதற்கு இவை காரணமாகா.

மலை ஒரு தேர்வாளர்

அப்படியானால் கச்சிராயபாளையம் வரை ஒழுங்காக ஓடும் வண்டி மலையில் மட்டும் திணறுவானேன்? விடை நம் இயற்பியல் பாடத்தில் இருக்கிறது. வாயுவின் அழுத்தம் கூடக்கூட அதனூடே தீப்பொறி பாய அதிக மின்னழுத்தம் வேண்டும். 1889-இல் பாஷென் என்னும் ஜெர்மன் அறிஞர் இத்தொடர்பை வகுத்துக் காட்டினார். சமவெளியில் ஆக்ஸிலேட்டரைச் சிறிதே திருகி ஓட்டுகிறோம். சிலிண்டருக்குள் புகும் காற்றும் சிறிது. மேட்டில் முழுதும் திருகுகிறோம். சிலிண்டர் நிரம்பக் காற்று புகுந்து அழுந்துகிறது. தேய்ந்த பிளக்கும் தளர்ந்த வயரும் சமவெளியில் எப்படியோ பொறி தந்துவிடும். அழுத்தம் கூடிய மேட்டிலோ பொறி தவறும். பிளக்கைக் கழற்றி வெளியே வைத்துப் பார்க்கும்போது பொறி வருகிறதே என்பார்கள். வெளிக்காற்றில் வரும் பொறி, அழுந்திய கலவைக்குள்ளும் வரும் என்பதற்கு உறுதியில்லை.

அதுபோலவே பாதி அடைத்த ஏர் ஃபில்டரும், பாதி அடைத்த பெட்ரோல் குழாயும் சமவெளியில் பிழைத்துக்கொள்ளும். முழு வேலை கேட்கும் மேட்டில் அகப்பட்டுக்கொள்ளும். மலை கோளாற்றை உண்டாக்குவதில்லை. முன்பே இருந்ததை வெளிக்கொணர்கிறது. ஆண்டு முழுவதும் படியாதவனைத் தேர்வு காட்டிக்கொடுப்பது போலத்தான் இதுவும்.

நோயறியும் முறை

நோயைத் தெளிந்து, அதன் காரணத்தைத் தேடி, அதன் பின்னரே மருந்துக்குப் போகவேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவர்க்குக் காட்டிய நெறி. மெக்கானிக்குக்கும் அதுவே நெறி. முதற்கேள்வி, 'எப்போது திணறுகிறது?' என்பதாகும்.

ஐடிலிங்கில் மட்டும் நின்றுபோய், வேகத்தில் நன்றாக ஓடினால், கார்புரேட்டரின் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கலாம். நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியில் பெட்ரோல் உலர்ந்து பிசின் போலாகி இதை அடைக்கும்.

ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்சரில் 'பட் பட்' என வெடித்து, ஐடிலிங் ஏறி இறங்கினால், கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பரில் விரிசல் உண்டா என்று பாருங்கள். அதன் வழியே கள்ளக் காற்று புகுகிறது.

சில கிலோமீட்டர் ஓடியபின் நின்று, சிறிது நேரம் ஆறியதும் மீண்டும் கிளம்பினால், டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. செலவில்லாத நோய், செலவில்லாத மருந்து.

ரிசர்வுக்குத் திருப்பியதும் வெட்டினால் டேங்கின் அடியில் தண்ணீர் இருக்கலாம். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானதால் அடியில் தங்கும். ரிசர்வோ அடியிலிருந்துதான் எடுக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் சிறிதளவு தண்ணீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அளவு மீறினாலோ எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். எஞ்சின் ஆறியபின், நெருப்பில்லாத இடத்தில், கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்திச் சிறிது பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்தால் அடியில் தனிப்படலம் தெரியும்.

மேட்டில் மட்டும் திணறினால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை தவிட்டு நிறமாக இருந்தால் நலம். உலர்ந்த கரியாக இருந்தால் ரிச். ஏர் ஃபில்டரையும், சோக் முழுதும் திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். அது பட்டறை வேலை. வெண்சாம்பல் நிறமானால் லீன்.

இவற்றில் ஒரு விதி முக்கியம்: ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக், ஃபில்டர், பெட்ரோல் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் வண்டி ஓடக்கூடும்; ஆனால் நோய் எதுவென்பது கடைசிவரை தெரியாது. ஆய்வகத்தில் நாம் கற்பதும் இதுதானே?

எந்தப் பெட்ரோல் நல்லது?

சாதாரணப் பெட்ரோலுக்கு அருகே 95, 97, 100 என்று எண்ணிட்ட விலையுயர்ந்த பெட்ரோல்களும் விற்கின்றன. அவ்வெண் ஆற்றலின் அளவன்று. அழுத்தத்தில் தானாகத் தீப்பற்றாமல் பொறிக்காகக் காத்திருக்கும் பொறுமையின் அளவு. ஐசோ-ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து மற்றவற்றை ஒப்பிடுகிறார்கள். பொறுமையில்லாத எரிபொருள் அழுத்தம் மிகுந்த எஞ்சினில் முந்தி வெடித்து, சுத்தியலால் தட்டுவது போல 'டிக் டிக்' என ஒலிக்கும். இதையே நாக்கிங் என்கிறோம்.

பி.எஸ். 6 விதிப்படி சாதாரணப் பெட்ரோலுக்கே குறைந்தபட்ச ஆக்டேன் எண் 91. எத்தனாலின் எண் நூற்றுக்கும் மேல். ஆகவே நாம் ஓட்டும் நூறு, நூற்றிருபத்தைந்து சி.சி. வண்டிகளுக்குச் சாதாரணப் பெட்ரோலே போதும். அழுத்த விகிதம் 12-க்கு மேற்பட்ட பந்தய வகை வண்டிக்குக் கையேடு உயர் ஆக்டேனைக் கேட்டால் அதை ஊற்றலாம். நம் வண்டிக்கு அதை ஊற்றுவது, அரை வயிறு பசித்தவனுக்கு இரண்டு இலை போடுவது போன்றது. சாதாரணப் பெட்ரோலில் நாக்கிங் கேட்டால் முதலில் கியரைக் குறையுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் சிலிண்டரில் கரி படிந்திருக்கலாம், அல்லது பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கலாம். மண்ணெண்ணெயின் ஆக்டேன் எண் மிகக் குறைவு.

ஆகவே எண்ணைவிடத் தூய்மையே பெரிது. பங்கில் ஃபில்டர் தாள் கேட்டு வாங்கிச் சோதிப்பது நம் உரிமை. ஒரு சொட்டு விட்டால், தூய பெட்ரோல் சில நிமிடங்களில் கறையின்றி ஆவியாகிவிடும். அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. சிற்றூர்களில் பாட்டிலில் வாங்கும் பெட்ரோலோ எப்போது பிடித்தது, எதில் பிடித்தது, எத்தனை நாள் வெயிலும் ஈரமும் கண்டது என்பது யாருக்கும் தெரியாது. தீப்பிடிக்கும் அபாயம் வேறு. கள்ளக்குறிச்சியிலோ கச்சிராயபாளையத்திலோ டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறுவது நல்லது. மழைக்காலத்தில் நிறைந்த டேங்கில் ஈரக்காற்றுக்கு இடமும் குறைவு.

மலையேறும் நண்பர்கள் வண்டியில் வைத்துக்கொள்ள வேண்டியவை சிலவே: ஒரு புதிய பிளக், ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு சிறு கண்ணாடிப் புட்டி, ஒரு துணி. இவற்றோடு 'எப்போது திணறுகிறது?' என்னும் கேள்வியும் கூட வரட்டும். விலையுயர்ந்த பெட்ரோலுக்கு மாதந்தோறும் செலவிடும் கூடுதல் பணத்தில் ஆண்டுக்கு ஒரு பிளக்கும் ஒரு ஃபில்டரும் வாங்கிவிடலாம். நோயாளியை ஏற்றிக்கொண்டு இரவில் மலையிறங்கும் ஓர் அண்ணனின் வண்டி அதனால் வழியில் நிற்காமல் போகுமானால், நாம் பயின்ற இயற்பியலுக்கு அதைவிட நல்ல பயன் வேறில்லை.