பழியைத் தோளில் சுமந்த பேராசிரியர்



வென்றவன் கழுத்தைத் தேடி மாலைகள் வரும். தோற்றவன் பக்கத்தில் நிற்க ஆள் கிடைப்பது அரிது. ஆலையில் பார்க்கிறோம், அலுவலகத்தில் பார்க்கிறோம், ஏன், நம் மேடைகளிலும் பார்க்கிறோம். எந்திரம் ஓடினால் மேலாளர் கெட்டிக்காரர். எந்திரம் நின்றால் பிட்டர் முட்டாள்! கூட்டம் கூடினால் தலைவரின் செல்வாக்கு. கூடாவிட்டால் சுவரொட்டி ஒட்டியவன் சோம்பேறி! புகழ் மேலே ஏறுகிறது, பழி கீழே இறங்குகிறது. தண்ணீர் பள்ளத்தை நோக்கிப் பாய்வது போல இதுவும் இயற்கைதான் என்று பலர் எண்ணிவிட்டார்கள்.

அந்த எண்ணத்தை முறித்துக் காட்டினார் ஒருவர். நாடாண்டவர் அல்லர் அவர். நாவன்மையால் ஊரை ஆட்டி வைத்தவரும் அல்லர். பொறியியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியர். சதீஷ் தவான் என்பது அவர் பெயர்.

காஷ்மீரத்துச் சீநகரில் 1920 செப்டம்பர் 25இல் பிறந்தார். லாகூரில் படித்தார். என்ன படித்தார்? கணிதமும் இயற்பியலும் படித்தார். ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். அதோடு நின்றாரா? எந்திரப் பொறியியலும் படித்தார்! பிறகு அமெரிக்கா சென்று வானூர்திப் பொறியியல் கற்று, 1951இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். அந்த ஆண்டே பெங்களூருக்கு வந்து, இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே காற்றுச் சுரங்கம் அமைத்தார். அதென்ன காற்றுச் சுரங்கம் என்று கேட்பீர்கள். வானூர்தி காற்றைக் கிழித்துப் பறக்கிறதல்லவா? ஆய்வுக்கூடத்தில் அதைத் தலைகீழாக்குவார்கள். வானூர்தியின் சிறு உருவம் அசையாமல் நிற்கும். காற்று அதன்மேல் சீறிப் பாயும். எந்த இடத்தில் காற்று வழுக்குகிறது, எந்த இடத்தில் முரண்டு பிடிக்கிறது என்று அளந்து பார்ப்பார்கள். ஒலியை விஞ்சும் வேகத்தில் காற்றைச் செலுத்தும் சுரங்கத்தை இந்நாட்டில் முதன்முதலாக அமைத்தவர் அவரே. 1962இல் அந்தக் கழகத்தின் இயக்குநரானார். 1981 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

 பாடம் சொல்வதில் அவருக்குச் சலிப்பே இல்லை. பெங்களூரில் இளம் பொறியாளர் ஒருவர் பணியாற்றி வந்தார். இராமேசுவரத்தில் படகு வைத்துப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளை. சென்னைக் குரோம்பேட்டையில் வானூர்திப் பொறியியல் படித்தவர். ஒரே அச்சில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறிகளை வடிவமைக்க வேண்டிய வேலை அவருக்கு. வழி தெரியவில்லை. பேராசிரியரிடம் போய்க் கேட்டார். "வேலையாக இருக்கிறேன், பிறகு வா" என்று திருப்பி அனுப்பவில்லை பேராசிரியர். சனிக்கிழமைதோறும் வரச் சொல்லிக் கற்றுக்கொடுத்தார். அந்த இளைஞரின் பெயர் அப்துல் கலாம். பின்னாளில் மேடைகளில் இதை அவரே நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

விக்ரம் சாராபாய் 1971 டிசம்பர் 30இல் மறைந்தார். இந்திய விண்வெளித் துறையை நடத்த, அமெரிக்காவில் இருந்த தவானைத் தலைமை அமைச்சர் இந்திரா காந்தி அழைத்தார். பெரிய நாற்காலி காத்திருக்கிறது! அவர் கேட்டது என்ன தெரியுமா? அறிவியல் கழகத்தின் பொறுப்பில் நான் தொடர்வேன், விண்வெளித் துறையின் தலைமையகம் பெங்களூரில் இருக்க வேண்டும் என்பதுதான். மாணவர்களைப் பிரிய மனம் இல்லை அவருக்கு. 1972இல் பொறுப்பேற்றார்.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

1979 ஆகஸ்டு 10. சீஹரிகோட்டா. எஸ்.எல்.வி. 3 என்னும் ராக்கெட். உயரம் 22 மீட்டர், எடை 17 டன், அடுக்குகள் நான்கு. திட்ட இயக்குநர் நம் கலாம். புறப்படச் சில நொடிகளே இருந்தபோது, நிறுத்து என்று கணிப்பொறி எச்சரித்தது. உடனிருந்த வல்லுநர்கள், அஞ்ச வேண்டாம், செலுத்தலாம் என்றார்கள். கலாம் முடிவெடுத்தார், ராக்கெட் எழுந்தது. முதல் அடுக்கு ஒழுங்காக எரிந்தது. இரண்டாவது அடுக்கு கட்டுப்பாட்டை இழந்தது. பல ஆண்டு உழைப்பு வங்கக் கடலில் விழுந்து மூழ்கியது!

செய்தியாளர்கள் கூடிவிட்டார்கள். முடிவெடுத்தவர் கலாம். அவரை முன்னே தள்ளிவிட்டு, "இவரைக் கேளுங்கள்" என்று தலைவர் ஒதுங்கியிருக்கலாம். கேட்பார் யார்? தவான் என்ன செய்தார்? தாமே முன்வந்து பேசினார். தோல்விக்குத் தாமே பொறுப்பு என்றார். தம் பொறியாளர்கள்மீது தமக்கு முழு நம்பிக்கை உண்டு, அடுத்த முறை வெல்வார்கள் என்றார். கண்டனக் கணைகள் அத்தனையும் அந்த ஒரு மார்பில் பாய்ந்தன. பின்னால் இருந்தவர்கள்மேல் ஒரு கீறல் விழவில்லை.

பதினொரு மாதங்கள் கழிந்தன. 1980 சூலை 18. அதே கடற்கரை, அதே குழு. ராக்கெட் எழுந்தது, 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. மீண்டும் செய்தியாளர்கள் கூடினார்கள். இப்போது மாலைக்குரிய நேரம். தவான் எழவில்லை. கலாமை அழைத்து, இன்று நீங்கள் பேசுங்கள் என்று அனுப்பிவிட்டார்!

இதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். இதில் தொழில் அறிவும் இருக்கிறது. அடிக்குப் பயந்தவன் தவற்றை மறைப்பான். மறைத்த தவறு மறுபடியும் வெடிக்கும். ராக்கெட்டைக் கடலில் தள்ளியது இரண்டாவது அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்பட்ட கசிவு. அந்தக் கசிவைத் தேடிப் பிடிக்க வேண்டியவர்கள் யார்? தோற்றுப்போன அதே பொறியாளர்கள்தாம். வேலை போகுமோ, பெயர் கெடுமோ என்று அவர்கள் நடுங்கிக்கொண்டிருந்தால், கசிவைத் தேடுவார்களா, சாக்கைத் தேடுவார்களா? ஆலையில் வேலை செய்யும் தோழனுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கும் ஒரு கணக்குத் தீர்க்க இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சிற்றூரில் கூட்டம். நான் பேச எழுந்த சிறிது நேரத்தில் மின்சாரம் போயிற்று; ஒலிபெருக்கி ஊமையாயிற்று. மைக் செட்டுக்காரரை ஊரறியக் கடிந்து பேசினேன். கூட்டம் சிரித்தது. எனக்கும் இனித்தது. உண்மை என்ன? ஜெனரேட்டர் வேண்டாம், செலவு மிச்சம் என்று முதல் நாள் முடிவு செய்தவன் நான். அவர் ஒரு சொல் சொல்லவில்லை. கம்பியைச் சுருட்டிக்கொண்டு போனார். அடுத்த கூட்டத்துக்கு அழைத்தோம், வரவில்லை. தவானைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த மனிதரின் குனிந்த தலை என் கண்முன் நிற்கிறது.

விண்வெளித் துறைத் தலைமையிலிருந்து 1984இல் விலகினார் தவான். பறவைகள் பறக்கும் விதத்தை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். 2002 சனவரி 3இல் கண் மூடினார். அந்த ஆண்டு சூலையிலே அவர் வளர்த்த கலாம் குடியரசுத் தலைவரானார். அதைக் காண அவர் இல்லை. சீஹரிகோட்டா ஏவுதளம் அந்த ஆண்டிலிருந்து அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் ராக்கெட் எழும்போது, நம் கரையிலிருக்கும் மீனவரும் தலை நிமிர்ந்து பார்க்கிறார். நாமும் பார்ப்போம். பார்த்துவிட்டு நம் கிளைக்கு, நம் பட்டறைக்கு, நம் சங்கத்துக்குத் திரும்புவோம். அங்கே ஒரு வேலை தோற்கும் நாள் வரும். அன்று முதலில் எழுந்து, "பொறுப்பு என்னுடையது" என்று சொல்பவன் யாரோ, அவனே தலைவன்!