சவர்க்காரத்திற்கு எந்த நிறம்? வீட்டில் தயாரிப்போர் கவனத்திற்கு

தீபாவளி விற்பனைக்கும் திருமண அன்பளிப்புக்கும் வீட்டிலேயே சவர்க்காரம் செய்யும் பெண்கள் தோட்டப்புறங்களிலும் நகரங்களிலும் இருக்கிறார்கள். கடையில் கிடைக்கும் கிளிசரின் கட்டியை உருக்கி, மணமும் நிறமும் சேர்த்து அச்சில் ஊற்றினால் சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். காஸ்டிக் சோடாவைத் தொட வேண்டியதில்லை. ஆனால், போட்ட பணம் வீணாவதும் வாடிக்கையாளர் முகம் சுளிப்பதும் பெரும்பாலும் நிறத்தால்தான்.

சமையல் சாயம்

மலிவானது, எங்கும் கிடைக்கும். ஆனால் நீரில் கரையக்கூடியது. ஒரே நிறச் சவர்க்காரத்திற்குப் பரவாயில்லை. சிவப்பும் வெள்ளையுமாக அடுக்கடுக்காக ஊற்றினால், சில நாள்களிலேயே சிவப்பு வெள்ளைக்குள் ஊறிவிடும். வெளிச்சம் பட்டால் வெளுத்தும் போகும்.

மைக்கா தூள்

இது கரையாமல் துகளாகவே நிற்பதால் அடுத்த அடுக்குக்குப் பரவாது. கண்ணாடி போன்ற கட்டியில் மினுமினுக்கும். வெள்ளைக் கட்டியில் வெளிர் நிறமாகவே தெரியும். 500 கிராம் கட்டிக்கு அரைத் தேக்கரண்டியில் தொடங்கலாம். சில மைக்காக்களில் சாயமும் கலந்திருக்கும், அவை ஊறும். வாங்குமுன் லேபிளைப் பாருங்கள்.

இரும்பு ஆக்சைடு, அல்ட்ராமரின்

செங்கல் சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகியவை ஆக்சைடிலும், நீலமும் ஊதாவும் அல்ட்ராமரினிலும் கிடைக்கும். ஊறாது, வெளுக்காது. ஒரு சிட்டிகையே போதும். அதிகமானால் நுரையிலும் நிறம் வரும், துவாலையிலும் கறை படியும்.

சமையலறைப் பொருள்கள்

சவர்க்காரம் காரத்தன்மை உடையது. அதனால் நாசி கெராபுவுக்கு நீலம் தரும் சங்குப்பூ இதில் நீலமாக நிற்காது. பச்சையாகி, பிறகு மங்கிவிடும். செம்பருத்தி, ரோஜா இதழ்கள் பழுப்பாகும். பாண்டான் பச்சையும் மஞ்சளும் வெளிச்சத்தில் வெளுக்கும். பச்சை இலைச் சாறு சேர்த்தால் பூஞ்சை பிடிக்கும் ஆபத்தும் உண்டு. நம்பக்கூடியவை கரித்தூளும் காப்பித்தூளும்தான்.

தவிர்க்க வேண்டியவை

கோலப்பொடி, குங்குமம், மெழுகுவர்த்திச் சாயம், துணிச் சாயம், கைவினை மினுக்குத்தூள் ஆகியவை சவர்க்காரத்தில் சேர்ப்பதற்காகத் தயாரிக்கப்பட்டவை அல்ல. குழந்தையும் குளிக்கும் பொருளில் இவற்றைச் சேர்க்காதீர்கள். அழகுசாதனத்திற்கு உரிய நிறமியின் லேபிளில் சி.ஐ. எண் இருக்கும்: மைக்காவுக்கு 77019, சிவப்பு இரும்பு ஆக்சைடுக்கு 77491, அல்ட்ராமரினுக்கு 77007. எண்ணே இல்லாமல் பொட்டலமாக விற்கும் தூளை வாங்க வேண்டாம்.

கலக்கும் முறை

தூளை நேராகக் கொட்டினால் கட்டி தட்டும். முதலில் சிறிது கிளிசரினில் குழைத்துக்கொண்டு சேருங்கள். மிகச் சூடாக ஊற்றினால் தூள் அடியில் தங்கிவிடும். 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரை ஆறி, சற்றுக் கெட்டியாகும்போது ஊற்றுவது நல்லது. வெனிலா மணம் சேர்த்தால் வெள்ளைக் கட்டியும் நாளடைவில் பழுப்பாகும். அதற்கேற்ற நிறத்தையே தேர்ந்தெடுங்கள்.

விற்பதற்கு முன்

மலேசியாவில் குளியல் சவர்க்காரமும் அழகுசாதனப் பொருளே. 1984ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்படி, விற்பனைக்கு முன் சுகாதார அமைச்சின் என்.பி.ஆர்.ஏ. பிரிவுக்கு அதை அறிவிக்க வேண்டும். அப்போது சேர்த்த நிறமியின் விவரமும் தேவைப்படும் என்பதால் லேபிளைப் பத்திரப்படுத்துங்கள்.

புது நிறம் வாங்கினால் முதலில் ஒரு சிறு கட்டி மட்டும் செய்யுங்கள். பாதியை ஜன்னலோரத்திலும் பாதியை அலமாரியிலும் இரண்டு வாரம் வைத்து ஒப்பிடுங்கள். பிறகு ஒரு வெள்ளைத் துணியைத் துவைத்துப் பாருங்கள். நிறமும் வெளுக்கவில்லை, துணியிலும் கறை இல்லை என்றால் தயங்காமல் அதிக அளவில் செய்யலாம்.