பிற தேசத்துச் சட்டங்கள் (9): மாமனாரும் மருமகனும்

பிரெஞ்சுச் சட்ட அறிஞர் லாபுலேயின் தலைமையில் 1869-இல் பாரிஸில் ஒப்பீட்டுச் சட்டச் சங்கம் தோன்றியதையும், 1876-இல் நீதி மந்திரி துஃபோர் தம் இலாகாவுக்குள்ளேயே அந்நியச் சட்டக் குழுவை நிறுவியதையும் சென்ற வாரம் பார்த்தோம். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அதற்குமேல் நினைவூட்டத் தேவையில்லை. வழக்கொன்றில் வேற்று நாட்டுச் சட்டம் குறுக்கிடும்போது நீதிபதி இத்தகைய காரியாலயத்திடம் எவ்வாறு விளக்கம் கேட்கிறார் என்பதை இவ்வாரம் விவரிப்பதாகச் சொல்லியிருந்தேன். ஆயினும் அக்குழுவின் பிரசுரங்களிடையே கண்ட ஒரு நூலின் சரித்திரம் என் மனத்தை முற்றிலும் ஆட்கொண்டுவிட்டபடியால், அதை முதலில் சொல்லியாக வேண்டும்.

அயல் நாடுகளின் சட்ட நூல்களைத் திரட்டி வைப்பதும், அந்நாட்டு அரசாங்கங்களோடு சட்டப் பிரசுரங்களைப் பரிவர்த்தனை செய்துகொள்வதும், அவற்றுள் தலையானவற்றை மொழிபெயர்த்து அரசாங்க அச்சகத்திலேயே பதிப்பிப்பதும் குழுவின் பணிகளாக இருந்தன. வாங்குவோர் மிகச் சிலரேயான இத்தகைய நூல்களுக்குப் பல ஆண்டுச் சிரமத்தையும் பொருளையும் செலவிட எந்த வியாபாரப் பதிப்பாளரும் துணியமாட்டார் என்பதனாலேயே, இது ராஜாங்கத்தின் கடமையாகிறது.

நான் குறிப்பிட்ட நூல் ஜெர்மன் சிவில் சட்டத்தின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. 1896 ஆகஸ்டில் நிறைவேறி 1900 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த அச்சட்டத்தில் 2,385 பிரிவுகள் உண்டு. அவற்றைக் குறிப்புரையோடு பெயர்த்துத் தரும் பொறுப்பை ஏற்றவர்கள் ஏழு பேர். அவர்களில் மூத்தவர் பேராசிரியர் புஃப்நுவார். அவருடைய மருமகன் ரெமோன் சலேய் இன்னொருவர். ஜெர்மனி கைக்கொண்ட மாகாணங்களை ஒட்டிய நான்ஸி நகரத்தில் போதித்துவந்த பிரான்ஸ்வா ழெனி மற்றொருவர். 1870-ஆம் ஆண்டு யுத்தத்தில் தோற்று அல்ஸாஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் இழந்து, அந்த ரணம் ஆறாதிருந்த ஒரு தேசம், தன்னை வென்றவனுடைய சட்டத்தை வரிவரியாகக் கற்றறிய முற்பட்டது என்பதை எண்ணும்போது எனக்கு உண்டாகும் மதிப்புக்கு எல்லை இல்லை. 1898-இல் புஃப்நுவார் காலமானார். முதல் தொகுதி 1904-இல் வந்தது. 1912-இல் சலேயும் மறைந்தார். நான்காவதும் கடைசியுமான தொகுதி வெளியானது 1914-இல், இரு தேசங்களும் மறுபடி போர்க்களம் புகுந்த அதே ஆண்டில்.

இவ்வளவு பாடுபட்டது எதற்காக என்று கேட்பவர்கள் முதல் பிரிவை மட்டும் பார்த்தால் போதும். மனிதனுக்குச் சட்ட உரிமை, பிறப்பு முற்றுப்பெற்ற கணத்தில் தொடங்குகிறது என்கிறது அது. பிரெஞ்சுச் சட்டமோ, குழந்தை உயிரோடு பிறந்தால் மட்டும் போதாது, உயிர் தரித்து வாழத்தக்க நிலையிலும் பிறந்திருக்க வேண்டும், அப்போதுதான் அதற்கு வாரிசுரிமை உண்டு என்கிறது. கணவனை இழந்த கர்ப்பிணி ஒருத்தி, பிழைக்கவியலாத நிலையில் ஒரு குழந்தையைப் பெற்று, அது ஒரு மணி நேரம் மூச்சுவிட்டு இறந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மன் சட்டப்படி, அந்த ஒரு மணி நேரத்துக்குள் தகப்பன் சொத்தில் தன் பங்கை அடைந்துவிட்ட குழந்தையிடமிருந்து அப்பங்கு தாய்க்கு வந்து சேரும். பிரெஞ்சுச் சட்டப்படி, அக்குழந்தை வாரிசே ஆகாதபடியால், அப்பங்கு கணவன் வீட்டாரை நோக்கித் திரும்பிவிடக்கூடும். ரைன் நதியின் எந்தக் கரைச் சட்டம் அவளுக்குப் பொருந்தும் என்பதை அறியாமல் தீர்ப்பெழுதும் நீதிபதி, எத்துணை நேர்மையாளரானாலும், அவளுக்கு அநியாயம் இழைத்தவராவார்.

     

மொழிபெயர்ப்பின் சரித்திரத்தில் இனிச் சொல்லவேண்டியதே எனக்கு மிக வியப்பளித்தது. 1918-இல் யுத்தம் முடிந்து அல்ஸாஸும், லொரேனின் அப்பகுதியான மோஸெல் ஜில்லாவும் பிரான்ஸுக்குத் திரும்பியபோது, அங்கே ஏறக்குறைய அரை நூற்றாண்டாக வேரூன்றியிருந்த ஜெர்மன் சட்டத்தை ஒரே நாளில் பிடுங்கியெறிய முடியவில்லை. 1924 ஜூன் முதல் தேதியிட்ட சட்டம் 1925 ஜனவரியில் நடைமுறைக்கு வரும்வரை, ஸ்ட்ராஸ்பூர்க்கிலும் மெட்ஸிலும் பிரெஞ்சு நீதிபதிகளே பெரும்பாலும் ஜெர்மன் சிவில் சட்டத்தைக்கொண்டு வழக்குகளைத் தீர்த்து வந்தார்கள். அதற்குப் பிறகும் சங்கங்களை அமைப்பது பற்றிய பிரிவுகளும் நிலப் பதிவேட்டு முறையும் அங்கே நீடித்தன. இன்றும் அந்த மாவட்டங்களில் சங்கம் அமைப்போர் அவ்விதிகளின்படியே அமைக்கிறார்கள். அந்நியச் சட்டம் என்று கருதி மொழிபெயர்க்கப்பட்ட பிரிவுகள் சொந்த தேசத்துச் சட்டமாகவே ஆகிவிட்டன! எந்த அறிவு எந்நாளில் தேவைப்படும் என்பதை முன்கூட்டிக் கணிக்க இயலாது. ஆகையால் இத்தகைய காரியாலயத்தை உடனடிப் பயனைக் கொண்டு அளப்பது தவறு என்பதே என் துணிபு.

நீதிபதியின் கேள்விக்கு வருவோமாயின், அதற்கு ஐரோப்பிய நாடுகள் 1968 ஜூனில் லண்டனில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒவ்வொரு தேசமும் பிறரது கேள்விகளைப் பெறுவதற்கென ஓர் அலுவலகத்தைக் குறித்துவைக்க வேண்டும். பதில் பட்சபாதமற்றதாக இருக்க வேண்டும். ஆனால் அப்பதில் கேட்ட நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தாத பதிலை அரசாங்கங்கள் ஏன் இத்தனை கவனத்தோடு தயாரிக்கின்றன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.